டப்பா தேடப் போன ஞாயிற்றுக்கிழமை

ஒரு கேள்வி கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். எந்தக் காரியமும் இல்லாமல் ஒரு தெருமுனையில் நின்று, நாலு பக்கமும் சாவகாசமாக வேடிக்கை பார்த்து எத்தனை நாளாயிற்று?

காய்கறிக் கடையில் நிற்கிறோம். பள்ளிக்கூட வாசலில் குழந்தைக்காக நிற்கிறோம். பஸ்ஸுக்காக நிற்கிறோம். அதெல்லாம் கணக்கில் சேராது. சும்மா நிற்பதைக் கேட்கிறேன். ஆண்பிள்ளைகள் டீக்கடைச் சுவரில் ஒரு காலை மடித்து ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாம் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், "யாரம்மா வேணும்?" என்று ஒருவர் வந்துவிடுவார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால் அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பதில் வேண்டுமே!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தப் பதில் கிடைத்தது. "டப்பா தேடுகிறோம்" என்பதுதான் அது.

விஷயம் இதுதான். என் அக்கா பிள்ளை எஞ்சினீயரிங் கல்லூரியில் படிக்கிறான். படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவனுக்குச் சிரத்தை உண்டு. ஒரு நாள் வந்து, "சித்தி, ஜியோகேச்சிங் தெரியுமா?" என்றான். ஏதோ புது வியாதியின் பெயர் என்றே நினைத்தேன். இல்லையாம், விளையாட்டாம். ஒருவர் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் உலகத்துக்குச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் செல்போனில் அந்த எண்களை வைத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

"பரிசு?"

"பரிசெல்லாம் கிடையாது, சித்தி."

பரிசில்லாத விளையாட்டுக்கு மனிதர்கள் மலை ஏறுகிறார்கள், ஆறு கடக்கிறார்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா? ஆனால் வாஸ்தவம். இது பிறந்த கதையும் வேடிக்கையானது. வானத்தில் சுமார் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக் கோள்கள்தான் நம் செல்போனுக்கு 'நீ இன்ன இடத்தில் இருக்கிறாய்' என்று தெரியச் செய்கின்றன. 2000-ஆம் வருஷம் வரை பொதுஜனங்களுக்குக் கிடைத்த தகவலை அவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துத்தான் அனுப்பினார்கள். நூறு மீட்டர் வரை தப்பு வரும். தெரு தெரியும், வீடு தெரியாது. அந்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் கலைப்பதை நிறுத்தினார்கள். அடுத்த நாளே, மே 3-ஆம் தேதி, ஆரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டில் பாதி புதைத்து வைத்து, "முடிந்தால் கண்டுபிடியுங்கள்" என்று எண்களை வெளியிட்டார். வாளிக்குள் இருந்த சாமான்களில் டின்னில் அடைத்த பீன்ஸும் ஒன்று! சில நாட்களுக்குள் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

அதற்கு முன்பே இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற பொட்டல் காட்டில் இதற்கு ஒரு பாட்டனார் உண்டு. 1854-ல் அங்கே வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட், போகவே கஷ்டமான ஒரு சதுப்பு நிலத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போவார்களாம்.

எண் என்றதும் பயப்பட வேண்டாம். ஜாதகம் கணிக்கக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இது பழக்கமான சமாசாரம்தான். சென்னை என்றாலே வடக்கே 13 டிகிரி, கிழக்கே 80 டிகிரி. அதற்கு மேல் நிமிஷம். ஒரு நிமிஷம் என்பது தரையில் சுமார் 1,850 மீட்டர். அந்த நிமிஷத்தை ஆயிரமாகப் பங்கு போட்டால், ஒரு பங்கு நம் வீட்டுக் கட்டிலின் நீளம். ஆகவே எண்களைச் சரியாகச் சொன்னால் ஒரு கட்டிலுக்கு அடியில் தேடுகிற அளவுக்குக் கொண்டுவிடலாம். செல்போன் நடைமுறையில் அவ்வளவு துல்லியமாக இராது. நாலைந்து கட்டில் இப்படி அப்படி ஆகும்.

இதிலே புதிர் வகை என்று ஒன்று இருக்கிறது. அதில் வெளியே சொல்கிற இடம் ஒன்று, டப்பா இருக்கிற இடம் வேறு. விடுகதைகளுக்கு விடை கண்டு, விடைகளிலிருந்து எண்களை எடுத்து, எண்களைச் சேர்த்தால்தான் உண்மையான இடம் தெரியும். அந்த மாதிரி ஒன்றை நம் குடும்பத்துக்கென்றே தயார் செய்கிறேன் என்றான் பையன். "கொடைக்கானல் பக்கமா?" என்று ஆசையோடு கேட்டேன். "ராயபுரம், திருவொற்றியூர்" என்றான். எனக்குச் சப்பென்று போய்விட்டது. கண்டெய்னர் லாரியும் புகையும் மீன் வாடையும்! ஆனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். "ஏன், அந்த ஊருக்கு என்ன குறைச்சல்?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

புறப்பட்டது நாங்கள் மூன்று பேர்: நான், அம்மா, பையனின் தங்கை. அவளுக்குப் பதினொரு வயது. செல்போன் அவள் கையில். விடுகதைச் சீட்டு என் கையில். தண்ணீர் பாட்டிலும் புளிச்சாதமும் அம்மாவின் பையில்.

முதல் விடுகதை: 'இவளுக்கு முன் பிறந்தவர்களின் வீடுகள் இடிந்துபோயின, இவள் வீடு நிற்கிறது. பிறந்த வருஷத்தின் கடைசி எண் என்ன?' கடற்கரை ஸ்டேஷனில் ரயில் ஏறி ராயபுரத்தில் இறங்கினால் விடை கண்ணெதிரே நிற்கிறது. 1856 ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த ஸ்டேஷன் அது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாயும் தானேயும் ரயிலுக்கு மூத்தவைதான். ஆனால் அங்கே முதன்முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் இன்று இல்லை. இந்தியாவில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் ராயபுரம்தான் மூத்தது. நெடிய தூண்களைப் பார்த்தால் யாரோ ஜமீன்தார் மாளிகை என்றே தோன்றும். எத்தனையோ தடவை அந்த வழியே போயிருக்கிறேன். ஒரு நாளாவது நின்று பார்த்தேனா? நிற்கக் காரணம் இல்லையே! அன்று காரணம் இருந்தது. சின்னவள் தூண்களை எண்ண ஆரம்பித்தாள். அது விடுகதையிலேயே இல்லை.

"என்னம்மா தேடறீங்க?" என்று ஒரு போர்ட்டர் வந்துவிட்டார். "டப்பா" என்று சொல்லி, சீட்டைக் காட்டினோம். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "அம்பத்தாறு. ஆறு போட்டுக்கோங்க" என்றார். தேர்வில் காப்பி அடித்த மாதிரி இருந்தாலும் ஆறு போட்டுக்கொண்டோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. துறைமுகம், ரயில் பாதை, எண்ணெய்க் கிடங்கு இருக்கிற பிரதேசத்தில் கேட்பாரற்ற டப்பா எதையும் வைக்கக் கூடாது. விளையாட்டு வினையாகிவிடும், போலீசார் வெடிகுண்டு என்றுதான் நினைப்பார்கள். நினைக்கத்தான் வேண்டும். அதனால் பையன் வழியில் ஒரு டப்பாவும் வைக்கவில்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிற எண்கள் மட்டும்தான். கடைசி டப்பாவையும் ஒரு மனிதரிடம் ஒப்படைத்திருந்தான். யாரிடம் என்று மட்டும் சொல்லவில்லை.

ராயப்பர் கோயிலை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டோம். ராயப்பர் என்றால் கிறிஸ்தவர்கள் பேதுருவுக்குச் சொல்லும் தமிழ்ப் பெயர். ஊருக்கே அவரால்தான் ராயபுரம் என்று பெயர் வந்தது என்பார்கள். பிறகு பஸ் பிடித்துக் காலடிப்பேட்டையில் இறங்கினோம். அங்கேதான் இரண்டாவது விடுகதை: 'காலுமில்லை, அடியுமில்லை, ஆனாலும் காலடி. ஆள் வந்த வருஷத்தின் கடைசி எண்?'

அம்மாவுக்கே தெரியவில்லை. யாராவது மகானின் பாதம் பட்ட இடமாக இருக்கும் என்று சிறு வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில் சின்னவள்தான் செல்போனில் தேடிக் கண்டுபிடித்தாள். 1717-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த ஜோசப் காலெட் துரை இங்கே நெசவாளர்களைக் குடியமர்த்தினார். காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது! அறுபது வருஷ பக்தியை ஒரு நிமிஷத்தில் இழந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "துரையாவது மண்ணாவது" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

தேரடிக்கு வந்தபோது பத்தரை மணி. (மெட்ரோவிலும் வரலாம். 2022 மார்ச்சிலிருந்து திருவொற்றியூர் தேரடிக்கு ஸ்டேஷன் இருக்கிறது. பெண்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த வழி முழுவதிலும் கழிப்பறைக்கு மெட்ரோ ஸ்டேஷன்களைத்தான் நம்ப வேண்டும்.) தியாகராஜர் கோயிலில் மூன்றாவது விடுகதை: 'வானத்தில் இருப்பவர்கள் இங்கே வந்து வரிசையாய்ப் பூஜை செய்தார்கள். எத்தனை பேர்?' இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் இருபத்தேழு லிங்கங்கள் அந்தக் கோயிலில் உண்டு. அவரவர் நட்சத்திரத்துக்கு முன் நின்று கும்பிட்டுவிட்டு, இரண்டையும் ஏழையும் கூட்டி ஒன்பது என்று குறித்துக்கொண்டோம்.

பிராகாரத்தில் மகிழ மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் அம்மா சொன்னாள்: "என்னவோ அமெரிக்காவிலே கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றானே, இந்த விளையாட்டை இங்கே சாமியே ஆடியிருக்கார்."

பெரிய புராணத்தில் வரும் கதைதான். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சுந்தரர் திருவாரூரில் பரவையாரை மணந்தவர். ஒற்றியூருக்கு வந்த இடத்தில், சுவாமிக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்துவிட்டார். தூது போனவர் சாட்சாத் சிவபெருமான். சங்கிலியார் லேசுப்பட்ட பெண்ணல்ல. 'அவருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே பெண்சாதி இருக்கிறாளே' என்று கேட்டுவிட்டாள். 'உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுப்பான்' என்று சுவாமி சமாதானம் சொன்னார். சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? 'நான் சந்நிதியில் சத்தியம் செய்கிற சமயம் பார்த்து, நீர் கர்ப்பக்கிருகத்தை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்' என்று சுவாமியிடமே கேட்டுக்கொண்டார். சந்நிதி காலியாக இருந்தால் சத்தியம் பலிக்காதல்லவா! சுவாமியும் சரியென்றார். சரியென்றவர் நேரே சங்கிலியாரின் கனவில் போய், 'கோயிலுக்குள் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்' என்று சொல்லிவிட்டார். மறுநாள் சுந்தரர் அகப்பட்டுக்கொண்டார். மரத்தடியில் செய்த சத்தியத்தை மீறித் திருவாரூருக்குப் புறப்பட்டு, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று.

"வெளியே சொன்ன இடம் ஒண்ணு, இருந்த இடம் வேறே. புதிர் வகை!" என்று சின்னவள் கைதட்டினாள்.

இதோடு நிற்கவில்லை. ஆறு, ஏழு, ஒன்பது என்ற எண்களைப் பையன் சொன்னபடி கூட்டிக் கழித்துச் செல்போனில் போட்டோம். (அந்தக் கணக்கை இங்கே எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குத் தாவிவிடுவீர்கள்.) அம்புக்குறி எங்களைக் கடலோரத்தில் பட்டினத்தார் கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டது. அவர் கதையும் தேடல்தான். காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர் எல்லாவற்றையும் துறந்து கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராக நடந்தார். எந்த ஊரில் அந்தக் கரும்பு இனிக்கிறதோ அதுதான் அவர் அடங்க வேண்டிய இடம். ஒற்றியூரில் இனித்தது. பிறகு அவர் கடற்கரைச் சிறுவர்களோடு கண்ணாமூச்சி ஆடினார். தம்மை மூடச் சொல்வார். கூடையால் மூடினார்கள் என்பாரும் உண்டு, சாலால் மூடினார்கள் என்பாரும் உண்டு. மூடினால் வேறிடத்திலிருந்து வந்து நிற்பார். ஒரு தடவை அப்படி மூடித் திறந்தபோது அவர் இல்லை. ஒரு லிங்கம் இருந்தது.

கோயில் வாசலில் கடைசிச் சீட்டைப் பிரித்தோம். அது பையன் எழுதியதல்ல, பாட்டியிடம் கேட்டு எழுதியது. 'யாருக்கும் தெரியாத ஒரு இடம் சொல்லுங்கள் பாட்டி' என்று அவன் போனில் கேட்டிருக்கிறான். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: 'பட்டினத்தார் வாசலிலிருந்து கடற்பக்கமாக முந்நூறு அடி வை. அப்புறம் இடது கைப்பக்கம் நாற்பது அடி. வேப்ப மரம் இருக்கும்.'

சின்னவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். லாரிகள் வரிசையாகப் போகிற சாலையைக் கடந்தோம். அப்போதும் எண்ணிக்கையை விடவில்லை. நூற்றுப் பதினெட்டாவது அடியில் கருங்கல் குவியல். அதற்கப்புறம் கடல்.

"சித்தி, தப்பா எண்ணிட்டேனோ?" என்று திரும்பிப் போய் மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணினாள். இந்தத் தடவை நூற்றிருபது. செல்போனிலிருந்த அம்புக்குறி தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அதோ, அந்தச் சின்னப் படகுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றாள். "அங்கேதான் வாசல்."

தாத்தாவுக்கு விம்கோ தீப்பெட்டி ஆலையில் வேலை. கடலோரத்தில் வாடகைக்கு ஓட்டு வீடு. வெள்ளிக்கிழமைதோறும் பட்டினத்தாருக்கு விளக்கேற்ற அம்மா அடி எண்ணிக்கொண்டே போவாளாம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. முதலில் படகு போடுகிற மணல் போயிற்று. பிறகு எதிர்வரிசை வீடுகள். அம்மாவுக்குப் பதினெட்டு வயதில் வேப்ப மரம் சாய்ந்தது. அந்த வாரமே சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். 'வீடு கடலிலே போச்சு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று போனதாகச் சொல்வார்களே, அந்த மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். முந்நூறு அடியில் நூற்றிருபதுதான் பாக்கி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடல் ஏன் அப்படி வந்தது? நம் கரையோரமாக மணல் வருஷம் முழுவதும் பிரயாணம் செய்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் நீட்டினார்கள். வடக்கே போகிற மணல் அதில் முட்டி நின்றுவிட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே கடல் அரித்த இடத்தை நிரப்ப மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை பின்வாங்கிக்கொண்டே போக, பிற்பாடு கருங்கல் கொட்டித் தடுத்தார்கள். சாயங்காலம் நாம் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறோமே, அந்த மணலில் அம்மாவின் வீட்டு வாசல் மணலும் கொஞ்சம் இருக்கும். துறைமுகத்தால் சோறு சாப்பிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதை நான் மறக்கவில்லை. ஆனால் மெரினாவைப் பற்றி எழுதும்போதெல்லாம் உலகத்திலேயே நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று பெருமையடித்த நானே, அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதியதில்லை.

"தெரிஞ்சே ஏம்மா இந்த இடத்தைச் சொன்னே?" என்று கேட்டேன்.

"அவன் இடம்தானே கேட்டான்? இருக்கிற இடமா, இல்லாத இடமான்னு கேட்கலையே."

அப்படியானால் டப்பா? சாலைக்கு இந்தப் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்த ஆயா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. "இன்னாம்மா, டப்பா ஆளுங்களா? அந்தத் தம்பி போன வாரமே வந்து குட்த்துட்டுப் போச்சு. கல்லாண்ட ரொம்ப நேரம் நின்னுனு இருந்துச்சு, பாவம்" என்றது. பையனும் முந்நூறு அடி எண்ணிப் பார்த்திருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, படவா!

எவர்சில்வர் டப்பா. உள்ளே நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், மூன்று கடலை மிட்டாய். சின்னவள் பெரிய எழுத்தில் பெயர் எழுதினாள். நான் எழுதினேன். அம்மா நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு பெயருக்குக் கீழே கதவிலக்கம், தெருப் பெயர், திருவொற்றியூர், சென்னை-19 என்று முழு விலாசத்தையும் எழுதினாள்.

ஆயா எட்டிப் பார்த்து, "அந்தத் தெருவா? எங்க பெரியம்மா வூடும் அங்கதான் இருந்துச்சு" என்றது. அவ்வளவுதான். இரண்டு பேரும் எந்த வீடு, எத்தனாவது வீடு, கிணறு யார் வீட்டில் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நானும் சின்னவளும் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டு, கடலை மிட்டாயையும் தீர்த்து, அரை மணி நேரம் சும்மா நின்றோம். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

புளிச்சாதம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. ரயிலில் அம்மா சொன்னாள்: "எண்ணூரிலே என் சிநேகிதி கோமுட்டி வீட்டுக்குப் பின்னாலே குடியிருந்தா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்க்கலாமா? ஸ்டேஷனிலிருந்து எத்தனை அடின்னு எனக்கு நினைவிருக்கு."